ஆடாதோடை இலையில் 34 வேதிப்பொருள்: ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: நாங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். தோட்ட வேலிகளில் மண்டிக் கிடக்கும் ஆடாதோடை இலையைப் பறித்து, காயவைத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று இறங்கியிருக்கிறோம். ஒரு கல்லூரியில் கொடுத்து ஜிசி-எம்எஸ் டெஸ்ட் எடுத்தோம். 34 வேதிப்பொருள்கள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேராகப் புற்றுநோய் எதிர்ப்பு, அழற்சி எதிர்ப்பு, ஆஸ்துமா எதிர்ப்பு என்று போட்டிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். இதைப் பாக்கெட் மேல் அச்சடிக்கலாமா? தண்ணீரில் கொதிக்கவைப்பதைவிட ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் சத்து முழுசாக இறங்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர், அது உண்மையா? இன்னொன்று, என் நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. இருமலுக்கு இந்தப் பொடியைத்தான் இரண்டு நாளாகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம். "இலைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார் மாமியார். சரிதானா?

– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றது எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. நாத்தனாருக்கு அந்தக் கஷாயத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். கர்ப்ப காலத்தில் ஆடாதோடை கூடாது. இரண்டு நாள் குடித்துவிட்டார் என்பதற்காக ஏதோ நடந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் அவர் மாதாமாதம் காட்டும் டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். "ஏதோ கஷாயம்" என்று சொல்லாதீர்கள். ஆடாதோடை இலைப் பொடி, இத்தனை ஸ்பூன், இத்தனை வேளை என்று சொல்லுங்கள். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி, ரத்தக் கசிவு, பனிக்குட நீர் கசிவது, இதில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆடாதோடை "இலைதானே" என்று சொல்லிவிடக்கூடிய இலை இல்லை. அதில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது உடம்பில் மருந்துபோல் வேலை செய்யும் தாவரப் பொருள், இருக்கிறது. 11 கார்பன், 12 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன் சேர்ந்த சின்ன மூலக்கூறு. இலையின் கசப்புக்கு இதுவும் இதன் உறவுக்காரப் பொருள்களும்தான் முக்கியக் காரணம். மூச்சுக்குழலைத் தளர்த்துவதும் சளியை இளக்குவதும் இந்தக் கூட்டத்தின் வேலை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதே வாசிசின் கருப்பையின் தசையைச் சுருங்கவும் வைக்கிறது. ஜம்முவில் இருந்த மத்திய அரசின் வட்டார ஆய்வுக்கூடத்தில் விலங்குகளை வைத்து இதை விரிவாகவே சோதித்திருக்கிறார்கள். பிரசவத்தை முடுக்கும் மருந்தாக இதைக் கொண்டுவர முடியுமா என்பதே அந்த ஆய்வுகளின் நோக்கங்களில் ஒன்று. நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் அல்ல. சுகப் பிரசவத்துக்காக ஆடாதோடை வேரை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடும் முறை ஆயுர்வேதத்தில் உண்டு. பிரசவ நேரத்துக்கு என்று வைத்திருந்த பொருளை ஐந்தாம் மாதத்தில் உள்ளுக்குக் கொடுப்பது மரபைப் பின்பற்றுவது ஆகாது. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். லேப் கணக்கைவிட இது அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

அளவையும் பார்த்துவிடுவோம். உலர்ந்த ஆடாதோடை இலையில் மொத்த ஆல்கலாய்டு நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து இரண்டு பங்குவரை பதிவாகியிருக்கிறது. நீங்கள் ஒரு வேளைக்கு 5 கிராம் பொடி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் 25 மில்லிகிராமிலிருந்து 100 மில்லிகிராம்வரை ஆல்கலாய்டு இருக்கலாம். முழுவதும் தண்ணீரில் இறங்காவிட்டாலும் கணிசமாக இறங்கும். மருந்துக் கடையில் சளிக்குக் கொடுக்கிற புரோம்ஹெக்சின் மாத்திரை பொதுவாக 8 மில்லிகிராம், அம்ப்ராக்சால் மாத்திரை 30 மில்லிகிராம். வெவ்வேறு பொருள்கள் என்பதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் உங்கள் டம்ளரில் இருப்பது மாத்திரைக் கணக்கில் எண்ண வேண்டிய அளவு என்பது இதில் தெரிகிறது.

இந்த இரண்டு மாத்திரைகளையும் காரணத்தோடுதான் சொன்னேன். புரோம்ஹெக்சின் 1963-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து, அதை மாற்றிச் செய்த செயற்கை மருந்து அது. உடம்புக்குள் போன புரோம்ஹெக்சின் மாறிக் கிடைக்கும் பொருள்களில் ஒன்றுதான் அம்ப்ராக்சால். இன்று ஊர் ஊராக விற்கிற இருமல் சிரப்புகள் பலவற்றின் லேபிளில் இந்தப் பெயர்களில் ஒன்றைப் பார்க்கலாம். அந்தப் பரம்பரையின் மூத்தவர் உங்கள் வேலியில் நிற்கிறார். இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இலையிலிருந்து வாசிசினைப் பிரித்து 1888-ல் எழுதியவர் டேவிட் ஹூப்பர். சின்கோனாப் பட்டையில் மலேரியா மருந்தான கொயினா எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பதற்காக மதராஸ் அரசு உதகமண்டலத்தில் வைத்திருந்த வேதியியலாளர் அவர்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலில் முதல் பக்கத்தின் மேலேயே "மெத்தனால் சாறு" என்று இருக்கிறது. இதைக் கவனித்தீர்களா? கல்லூரியில் உங்கள் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைத்தான் கருவியில் செலுத்தியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அது வழக்கமான முறைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் பொடியை வாங்குபவர் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிக்கப் போகிறார். ஆக, ரிப்போர்ட் விவரிக்கிற திரவத்தை யாரும் குடிக்கப் போவதில்லை. குடிக்கப்போகிற கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்கவும் இல்லை.

ஜிசி-எம்எஸ் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதியும் விளங்கும். சாற்றில் ஒரு துளிக்கும் குறைவாக எடுத்து, 250 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி கால் மில்லிமீட்டர் அளவுக்கு உள்துவாரம் உள்ள, 30 மீட்டர் நீளமான குழாய்ச் சுருளுக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். வெளிவந்ததும் எலக்ட்ரான் கற்றையால் அடித்து உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையை அளக்கிறார்கள். அந்தத் துண்டுகளின் வரிசையைக் கணினி தன் நூலகத்தில் இருக்கும் லட்சக்கணக்கான வரிசைகளோடு ஒப்பிட்டு, மிக அருகில் வருவது எதுவோ அதன் பெயரை எழுதிவிடுகிறது.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, ஆவியாகாதது இந்தக் கருவியில் தெரியவே தெரியாது. ஆடாதோடையில் இருக்கும் வைடெக்சின் போன்ற சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள், டானின்கள் எல்லாம் அந்தச் சூட்டில் ஆவியாவதற்குப் பதில் கருகிவிடும். தண்ணீரில் நன்றாகக் கரைகிற இவைதான் கஷாயத்தில் நிறைய இருப்பவை. ரிப்போர்ட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, பெயர் என்பது கணினியின் சிறந்த ஊகம். தெரிந்த சுத்தமான மாதிரியை அதே கருவியில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அது ஊகமாகவே இருக்கும். மூன்றாவது, அங்கே போட்டிருக்கிற சதவீதம் இலையில் இருக்கும் சதவீதம் அல்ல. கருவி வரையும் வரைபடத்தில், ஆவியாகி வெளிவந்தவற்றின் மொத்தப் பரப்பில் இதன் பங்கு எவ்வளவு என்பதுதான் அது. 21 சதவீதம் என்று போட்டிருந்தால் 100 கிராம் பொடியில் 21 கிராம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பட்டியலையே வரிவரியாகப் பார்ப்போம். முதலிடத்தில் இருப்பது ஹெக்ஸாடெகனாயிக் அமிலம். இது பால்மிட்டிக் அமிலத்தின் இன்னொரு பெயர். நெய்யிலும் பாமாயிலிலும் தாராளமாக இருக்கிற சாதாரணக் கொழுப்பு அமிலம். அடுத்தது ஃபைட்டால். பச்சையத்தின் வால் பகுதி உடைந்து வருவது. வேப்பிலை, புளிய இலை, புல் என எந்தப் பச்சை இலையை இந்தக் கருவியில் போட்டாலும் வரும். லினோலெனிக் அமிலமும் அப்படியே. ஸ்குவாலீன் தாவர எண்ணெய்களில் இருக்கிறது, மனிதத் தோலின் எண்ணெய்ப்பசையிலும் இருக்கிறது. கையுறை போடாமல் தொட்டாலே மாதிரியில் ஏறிவிடக்கூடியது.

அப்புறம் 19-வது வரி, டோடெகாமெதில் சைக்ளோஹெக்ஸாசிலோக்சேன். இது இலையில் இருப்பதே இல்லை. சிலிக்கான் கலந்த இந்தப் பொருள் கருவியின் குழாய்ச் சுருளின் உட்பூச்சிலிருந்தோ ஊசி குத்தும் ரப்பர் மூடியிலிருந்தோ கழன்று வருவது. அதற்கு நேராக "நுண்ணுயிர் எதிர்ப்பு" என்று போட்டிருக்கிறார்கள். 31-வது வரியில் டைஐசோஆக்டைல் தாலேட் என்று இருக்கிறது. இது பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்ய அதில் கலக்கும் பொருள். கரைப்பான் பாட்டிலின் மூடி, பிளாஸ்டிக் குழாய், மாதிரி எடுத்துப் போன கவர், இவற்றில் எதிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கும். இதற்கும் ஒரு "எதிர்ப்பு" போட்டிருக்கிறது. நீங்கள் இதை அப்படியே பாக்கெட் மேல் அச்சடித்தால், பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று நீங்களே எழுதி ஒட்டியதாகிவிடும். விஷயம் தெரிந்த ஒருவர் கையில் அந்தப் பாக்கெட் கிடைத்தால் உங்கள் உழைப்பு முழுவதும் ஒரே நிமிடத்தில் கெட்ட பெயர் வாங்கும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அந்தக் கடைசிக் கட்டம், புற்றுநோய் எதிர்ப்பு முதலான பட்டம் கொடுக்கிற கட்டம், சோதனையில் வந்தது கிடையாது. அமெரிக்க வேளாண் துறையின் டாக்டர் டியூக் தரவுத்தளம் போன்ற பொதுப் பட்டியல்களிலிருந்து எடுத்து நிரப்புவது வழக்கம். எங்கோ யாரோ ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அந்தப் பொருளைச் சுத்தமாக, அதிக அளவில் ஊற்றிப் பார்த்திருப்பார்கள். அந்தச் செய்தி பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் பொடியை எந்த நோயாளியிடமும், எந்தச் செல்லிடமும் சோதித்து வந்த முடிவு அது அல்ல. இப்படி ரிப்போர்ட் எடுக்கும் மாணவருக்கு அந்தக் கட்டம் ஆய்வுக் கட்டுரையில் ஒரு பக்கம் நிரப்பப் பயன்படும். விற்பவருக்கு அது ஆபத்து.

ரிப்போர்ட்டில் எனக்கு உருப்படியாகப் பட்டது 27-வது வரி, வாசிசினோன். பட்டியலின் அடியில், 2 சதவீதத்துக்கும் கீழே, யாரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. வாசிசினைக் காணவில்லை. வாசிசின் காற்றிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் இரண்டு ஹைட்ரஜனை இழந்து, ஓர் ஆக்ஸிஜனை ஏற்று வாசிசினோனாக மாறும். அதனால் பழைய காய்ந்த இலையில் வாசிசினோன் கூடியும் வாசிசின் குறைந்தும் இருப்பதில் வியப்பில்லை. கருவியின் சூடும் இந்தக் கணக்கைக் கலைத்திருக்கலாம். வாசிசினோனும் வேலை செய்யாத பொருள் அல்ல. அமின், மேத்தா என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 1959-ல் நேச்சர் இதழில் இதை மூச்சுக்குழல் விரிக்கும் ஆல்கலாய்டு என்றே அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் உங்கள் பொடி எவ்வளவு நாள், எப்படிக் காய்ந்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசிக்க இந்த ஒரு வரி போதும். தார்ப்பாயில் வெயிலில் உலர்த்துகிறீர்கள் என்றால் நிழலுக்கு மாற்றுங்கள். இலையைக் கழுவி, தண்ணீர் வடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, காற்றோட்டமான கூரையடியில் வையுங்கள். நடுநரம்பை ஒடித்தால் வளையாமல் சடக்கென்று முறிய வேண்டும், அதுதான் பதம். இலையாகவே காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வைத்திருந்து, விற்கும்போது அரையுங்கள். அரைத்த பொடியில் காற்று படும் பரப்பு பல மடங்கு கூடிவிடும்.

ஸ்பிரிட் விஷயம். உங்களுக்குத் தெரிந்தவர் சொல்வதில் ஒரு பாதி வேதியியல்படி சரி. கரைப்பான் மாறினால் இறங்குகிற பொருள் மாறும். ஹெக்ஸேனில் போட்டால் மெழுகு, கொழுப்பு, ஃபைட்டால் மாதிரியானவைதான் வரும், ஆல்கலாய்டு ஏறக்குறைய வராது. எத்தனாலில் ஆல்கலாய்டும் வரும், பச்சையமும் சேர்ந்து வரும், அதனால்தான் அந்தச் சாறு கரும்பச்சையாக இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் பச்சையம் அவ்வளவாக வராது. இலையில் கரிம அமிலங்களோடு உப்பாகச் சேர்ந்திருக்கும் ஆல்கலாய்டு வரும், சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டு வரும், டானின் வரும். கஷாயம் பழுப்பாக, கசப்பும் துவர்ப்புமாக இருப்பது அதனால்தான். ஒரே இலை, மூன்று பாத்திரத்தில் மூன்று வெவ்வேறு பொருள். எதில் "முழுசாக" இறங்குகிறது என்று கேட்பதில் பயனில்லை. இருமலுக்கு வேண்டியது தண்ணீரிலேயே போதுமான அளவு இறங்குகிறது. கூடுதலாக இறங்குவதெல்லாம் கூடுதல் நன்மை என்று கணக்குப் போடக் கூடாது, நாத்தனார் விஷயத்தில் பார்த்தோமே.

மற்றப் பாதி உயிருக்கு ஆபத்து. கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தொழிற்சாலை ஸ்பிரிட்டும் யாரும் குடிக்கக் கூடாது என்றே பொருள்கள் கலந்து விற்கப்படுபவை, பலவற்றில் மெத்தனால் இருக்கும். வடிகட்டினாலும் ஆற வைத்தாலும் அது போகாது. 2024 ஜூனில் உங்கள் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது இந்த மெத்தனால்தான். பார்வை நரம்பை முதலில் தாக்குகிற விஷம் அது. குடிக்கத்தக்க எத்தனால் வாங்கிச் செய்வதற்கோ தனி உரிமம் வேண்டும். இந்த யோசனையைக் குழுவில் யாரும் வீட்டில்கூடச் செய்து பார்க்க வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது "என்னென்ன இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "வாசிசின் எவ்வளவு இருக்கிறது" என்று கேளுங்கள். பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிடிஎல்சி அல்லது எச்பிஎல்சி முறையில், சுத்தமான வாசிசின் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு, ஒரு கிராம் பொடிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்க வேண்டும். இதில் எச்பிடிஎல்சி கண்ணால் பார்க்கவே அழகான சோதனை. சிலிக்கா பூசிய தட்டின் அடியில் ஒரு கோடியில் உங்கள் சாறு, பக்கத்தில் சுத்தமான வாசிசின். கரைப்பான் மேலேறி முடிந்ததும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால், ஆல்கலாய்டு இருக்கிற இடமெல்லாம் ஆரஞ்சு நிறமாகத் திரண்டு நிற்கும். ஸ்டாண்டர்டின் ஆரஞ்சுப் பட்டைக்கு நேர் உயரத்தில் உங்கள் சாற்றிலும் ஒரு பட்டை இருந்தால் அது வாசிசின் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எவ்வளவு என்பதைக் கருவி ஒளி உறிஞ்சுதலை வைத்து அளந்து சொல்லிவிடும். பொடியைச் சோதிப்பதோடு, வீட்டில் வைக்கிற மாதிரியே கஷாயம் வைத்து அதையும் ஒரு பாட்டிலில் கொடுத்துச் சோதியுங்கள். கண்ணாடி பாட்டிலில் கொடுங்கள், அந்தத் தாலேட் தொல்லை வேண்டாம்.

வாசிசின் அளவோடு ஈரப்பதம், பூஞ்சை மற்றும் கிருமி அளவு, கன உலோகம் மூன்றையும் கேளுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் வேலிகளில் சில தார்ச்சாலை ஓரத்திலும் சில பூச்சிமருந்து அடிக்கிற நிலக்கடலைக் காட்டை ஒட்டியும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இலையைத் தனியாக ஒதுக்குங்கள். ஆடு கடிக்காத செடி என்பதால் அது எங்கே வேண்டுமானாலும் செழித்து நிற்கும். செழிப்பாக நிற்பதாலேயே இலை சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெளியாட்களிடம் இலை வாங்கினால் இன்னொரு கவனம் வேண்டும். ஆடாதோடை என்ற பெயரில் பெருமரம் என்ற வேறொரு மரத்தின் இலை கலந்து வருவது சந்தையில் அறியப்பட்ட ஒன்று. பச்சையாக இருக்கும்போது குழப்பமே இல்லை. ஆடாதோடை எதிரெதிர் ஜோடியாக, ஈட்டி வடிவில், ஓரம் வெட்டில்லாமல் இருக்கும். பெருமரத்தின் சிற்றிலைக்கு ஓரத்தில் பல் இருக்கும், அடிப்பக்கம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நொறுங்கிக் காய்ந்துவிட்டால் மைக்ரோஸ்கோப்பில்தான் பிரித்துச் சொல்ல முடியும். கேரளப் பக்கம் மருந்துக்கு எடுக்கும் சிற்றாடாதோடை வேறு இனம், அதையும் இதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

கடைசியாக அச்சடிக்கும் கேள்வி. 34 பொருள் பட்டியலை அச்சடிக்க வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். "இருமல், சளி, ஆஸ்துமா குணமாகும்" என்பதையும் இப்போதைக்கு அச்சடிக்க முடியாது. நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று சொல்லி ஒரு பொருளை விற்றால், 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி அது மருந்து. அதைத் தயாரிக்க மாநில இந்திய மருத்துவ உரிம அதிகாரியிடம் உரிமம் வேண்டும், தகுதி பெற்ற ஆள் வேண்டும், கட்டட வசதி வேண்டும். மருந்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 1954-ம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. உணவு உரிமம் எடுத்து "டீ" என்று போட்டாலும் நோயின் பெயரைச் சொன்ன நிமிடம் அது மருந்துக் கணக்குக்கு வந்துவிடும்.

ஒரு சிறு குழுவுக்கு இந்த உரிமத்தின் செலவும் அலைச்சலும் முதல் ஆண்டிலேயே தாங்காது என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு வழி. பொடியாக நுகர்வோரிடம் போகாமல், நிழலில் உலர்த்திய முழு இலையாக, உரிமம் உள்ள மருந்து நிறுவனங்களிடம் போங்கள். ஆடாதோடைக்கு அங்கே வேலை இருக்கிறது. ஆடாதோடை மணப்பாகு ஆண்டு முழுவதும் செய்யப்படுவது. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. அரசின் டாம்ப்கால் நிறுவனமும் திருவான்மியூரில் உள்ள இம்ப்காப்ஸ் கூட்டுறவும் சித்த மருந்து தயாரிக்கின்றன. தனியார் நிறுவனங்களும் நிறைய. கொள்முதல் பிரிவுக்கு நேரில் போய், தாங்கள் என்ன தரத்தில் வாங்குகிறார்கள், என்ன சோதனை அறிக்கை கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கி வாருங்கள். பறித்த இடம், பறித்த தேதி, உலர்த்திய முறை, வாசிசின் அளவு, கன உலோக அறிக்கை, இத்தனையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகிற குழு மூலிகைச் சந்தையில் அரிது. ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் உலர் இலை தேறும் என்பதையும் விலை பேசும்போது மனதில் வையுங்கள்.

ஏற்கெனவே பாக்கெட் போட்டு யாருக்காவது கொடுத்திருந்தால், அந்த வீடுகளுக்கு ஒரு போன் போட்டு, கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்கும் வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாத்தனார் டாக்டரைப் பார்த்தபின் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். புது ரிப்போர்ட் வந்தால் அட்டவணையோடு அந்தத் தட்டின் கலர் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.